கலாத்தியர் 6:1: ‘சீர்பொருந்தப்பண்ணுங்கள்’ என்றால் வலையைத் தைப்பதா?

பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பக்கத்து ஊர் உபவாசக் கூட்டத்துக்குப் பேச வந்த ஊழியர், குற்றத்தில் அகப்பட்டவனைச் சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்று பவுல் எழுதுகிற கலாத்தியர் 6:1ஐ எடுத்திருக்கிறார். ‘சீர்பொருந்தப்பண்ணுங்கள்’ என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருக்கிற சொல்லுக்குக் கிழிந்த வலையைத் தைப்பது என்பதுதான் அர்த்தம் என்றும், பேதுரு கடற்கரையில் செய்துகொண்டிருந்த வேலையே அது என்றும் சொல்லியிருக்கிறார். தம்பியின் குடும்பமும் கடல் தொழில்தான். கேட்க நன்றாக இருந்தது, ஆனால் உண்மைதானா என்று சந்தேகம். கூடவே இன்னொன்றும் எழுதியிருக்கிறார். அவர்கள் சபையில் அசன (சபை விருந்து) கணக்குப் பணத்தில் கைவைத்துவிட்ட ஒருவர், பணத்தைத் திருப்பிக் கட்டி, எல்லார் முன்பாகவும் மன்னிப்பும் கேட்டுவிட்டார். இப்போது ஆராதனைக்கு வருகிறார், கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். வேறு எதிலும் அவரைச் சேர்ப்பதில்லை. ‘சீர்பொருந்தப்பண்ணுவது’ இதோடு முடிந்துவிட்டதா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

தம்பி, ஊழியர் சொன்னதில் பாதி சரி. அந்தச் சொல் வலைக்கு வருகிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வலை அதன் ‘அர்த்தம்’ கிடையாது, அது பயன்படுகிற பல இடங்களில் ஒன்று. இந்த வித்தியாசம் பெரிதா என்று கேட்டால், உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலே இதில்தான் இருக்கிறது.

சொல் ‘கட்டார்ட்டிஸோ’. புதிய ஏற்பாட்டில் இந்த வினை 13 இடங்களில் வருகிறது. வலைக்கு வருவது மத்தேயு 4:21, மாற்கு 1:19 என்ற இரண்டே இடம், அதுவும் ஒரே சம்பவம். மீதி 11 இடங்களில் வலையும் இல்லை, கடலும் இல்லை. எபிரெயர் 11:3இல் உலகங்கள் தேவனுடைய வார்த்தையினால் உண்டாக்கப்பட்டது என்கிற இடத்திலும் இதே சொல்தான். எபிரெயர் 10:5இல் ‘ஒரு சரீரத்தை எனக்கு ஆயத்தம்பண்ணினீர்’ என்பதிலும் இதுதான். லூக்கா 6:40இல் ‘தேறினவன் எவனும் தன் குருவைப்போலிருப்பான்’ என்கிறாரே, அந்தத் ‘தேறினவன்’ கூட இதே வினையிலிருந்து வந்தவன். உலகத்தைத் தைத்தார், சீஷனைத் தைத்தார் என்று யாரும் வாசிக்க மாட்டோம். ஒரு இடத்து அர்த்தத்தைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொரு இடத்தில் இறக்கி வைப்பது பிரசங்க மேடையில் அடிக்கடி நடக்கிறது. கிரேக்கம் தெரியாதவர்கள்தான் இப்படிச் செய்கிறார்கள் என்றில்லை, நன்றாகப் படித்தவர்களும் செய்கிறார்கள்.

அப்படியானால் எல்லா இடத்துக்கும் பொதுவாக நிற்கிற கருத்து எது? ‘ஆர்ட்டியொஸ்’ என்ற பெயரடை இதன் அடியில் இருக்கிறது. பொருத்தமான, குறைவில்லாத, செய்யவேண்டியதற்குத் தகுதியான என்று பொருள். 2 தீமோத்தேயு 3:17இல் ‘தேவனுடைய மனுஷன் தேறினவனாகவும்’ என்கிற இடத்தில் இந்தப் பெயரடையே வருகிறது. கிரேக்கர்கள் கணக்கில் இரட்டைப்படை எண்ணுக்கும் இதையே சொன்னார்கள், மிச்சமில்லாமல் ஜோடி சேர்கிறது என்பதால். இதற்கும் கீழே போனால், துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்துவது என்ற பழைய வேர். உடம்பின் மூட்டுக்கு ‘ஆர்த்ரொன்’ என்று பெயர் வந்தது அதிலிருந்துதான். ஆஸ்பத்திரியில் ஆர்த்ரைட்டிஸ் என்று எழுதித் தருகிறார்களே, அது இந்த வீட்டுப் பிள்ளை. ‘ஹார்மொனியா’வும் அப்படியே. நம் கோவில்களில் வாசிக்கிற ஆர்மோனியத்தின் பெயர் அதிலிருந்து வருகிறது. ஆனால் ஹோமரின் ஒடிசியில் அந்தச் சொல் பாட்டுக்கு வரவில்லை, ஒடிசியஸ் தனக்குக் கலம் கட்டும்போது மரங்களை இணைக்கிற பிணைப்புக்கு வருகிறது. படகுக்குப் பலகை பொருத்துகிறவர்கள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

புதிய ஏற்பாட்டுக்கு வெளியே கட்டார்ட்டிஸோ எங்கெல்லாம் வேலை செய்தது என்று பார்த்தால் இன்னும் தெளியும். வைத்தியத்தில், நழுவின மூட்டை அதன் இடத்தில் திரும்ப வைப்பதற்கு இதைச் சொன்னார்கள். கி.மு. முதல் நூற்றாண்டில் மூட்டுகளைப் பற்றி எழுதிய சிட்டியம் ஊர் அப்பொல்லோனியஸ் இப்படிப் பயன்படுத்துகிறார். பொலிபியஸ் என்ற வரலாற்றாசிரியர் கப்பல்களை ஆயத்தப்படுத்துவதற்குச் சொல்கிறார். எனக்குப் பிடித்தது ஹெரோடொட்டஸ் சொல்கிற ஒரு சம்பவம். மிலேத்து பட்டணம் இரண்டு தலைமுறையாக உள்சண்டையில் சீரழிந்து கிடந்தது. சரிசெய்ய பாரோஸ் தீவுக்காரர்களை அழைத்தார்கள். அவர்களுக்கு அவர் கொடுக்கிற பெயர் ‘கட்டார்ட்டிஸ்டேர்’, நம் வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல், சீர்செய்கிறவர்கள். வந்தவர்கள் பஞ்சாயத்தைக் கூட்டி யார் சரி, யார் தப்பு என்று விசாரிக்கவில்லை. நாட்டுப்புறம் முழுக்கச் சுற்றினார்கள். எங்கும் பாழாய்க் கிடந்த நிலங்களுக்கு நடுவே நன்றாக உழுது பயிரிட்ட வயல் கண்ணில் பட்டால், அதன் சொந்தக்காரர் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். பட்டியலில் வந்தவர்கள் சிலர்தான். ‘தன் நிலத்தைக் கவனித்தவன் ஊரையும் கவனிப்பான்’ என்கிற நியாயத்தில், ஆட்சியை அவர்கள் கையில் கொடுத்து, மற்றவர்கள் அவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூட்டு, கப்பல், ஊர், வலை. நாலுக்கும் பொது என்ன? ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்யும் நிலைக்கு அதைக் கொண்டுவருவதே கட்டார்ட்டிஸோ. கெட்டுப்போயிருந்தால் பழுதுபார்த்துக் கொண்டுவருவது, புதிதாக இருந்தால் ஆயத்தப்படுத்திக் கொண்டுவருவது. கிரேக்கன் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டான்.

இப்போது மாற்கு 1:19ஐத் திரும்ப வாசியுங்கள். ‘படவிலே வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறதைக் கண்டு.’ கிழிசல் இருந்தது என்று மாற்கு சொல்லவில்லை. நாம் தமிழில் ‘பழுது’ என்று வாசிப்பதால் கிழிசலைக் கற்பனை செய்துகொள்கிறோம். மூலச் சொல் வலையை அடுத்த தடவை கடலில் இறக்கத் தயார்செய்கிற வேலை முழுவதையும் அடக்கும். அந்தக் காலத்தில் அங்கே சணல்நார் போன்ற ஆளிச்செடி நாரில் வலை. அலசி, காயவைத்து, சிக்கெடுத்து, விட்டுப்போன வலைக்கண்ணைக் கட்டி, மடித்து வைக்காவிட்டால் சீக்கிரம் மக்கிவிடும். லூக்கா 5:2இல் ‘வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள்’ என்று வருவது இதனால்தான். நைலான் வருவதற்கு முன் நம் கரையிலும் பருத்தி நூல் வலைக்கு இதே பாடுதான், மரப்பட்டைச் சாயம் ஏற்றிக் காயப்போட்டவர்கள் வயதானவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள் தடைக்காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். படகைக் கரையேற்றிச் சுரண்டி வண்ணம் அடிக்கிறார்கள், எஞ்சினைப் பிரிக்கிறார்கள், மரம் மாற்றுகிறார்கள், பழைய வலையில் கிழிசல் கட்டுகிறார்கள், புது வலைக்குக் கயிறும் மிதவையும் ஈயமும் கோக்கிறார்கள். பழுதுபார்ப்பது எது, ஆயத்தப்படுத்துவது எது என்று பிரிக்க முடியாது. அந்த இரண்டு மாத வேலைக்கு மொத்தமாக ஒரு கிரேக்க வினை கொடு என்றால் நான் கட்டார்ட்டிஸோவைத்தான் கொடுப்பேன்.

சரி, கலாத்தியருக்கு வருவோம். ‘சகோதரரே, ஒருவன் யாதொரு குற்றத்தில் அகப்பட்டால், ஆவிக்குரியவர்களாகிய நீங்கள் சாந்தமுள்ள ஆவியோடே அப்படிப்பட்டவனைச் சீர்பொருந்தப்பண்ணுங்கள், நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு.’ பவுல் இதை எழுதும்போது மனதில் வலை இருந்ததா, நழுவின எலும்பு இருந்ததா? இரண்டுக்கும் ஆள் இருக்கிறார்கள். வேறு நிருபங்களில் சரீரம், அவயவம் என்று பவுல் பேசுகிறவர் என்பதால் எலும்பு என்பவர்கள் அதிகம். என் அபிப்பிராயம், இந்த வசனத்தில் எந்தப் படமும் கட்டாயமில்லை. சொல்லின் பொதுப்பொருளே போதும்: தன் இடத்தில் இருந்து தன் வேலையைச் செய்யும் நிலைக்கு அவனைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

வலைப் படத்தை விரும்பினால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், உதாரணமாக. ‘மூலத்தில் இப்படி இருக்கிறது’ என்று மட்டும் சொல்லக்கூடாது. உதாரணமாக எடுத்தால் அது நன்றாகவே உழைக்கும், ஏனென்றால் கிழிசல் கட்டுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பாரில் (கடலடிப் பாறையில்) மாட்டிக் கிழிந்த வலையை அப்படியே இழுத்து முடிச்சுப் போட்டால் என்ன ஆகும்? அந்த இடம் சுருங்கும், பாரம் ஏறும்போது வலை கோணும், பக்கத்துக் கண்கள் அறும். அதனால் முதலில் பிளேடை எடுத்து, பிய்ந்து தொங்குகிற இழைகளை நல்ல முடிச்சு வரைக்கும் வெட்டிவிடுகிறார்கள். ஓட்டை முன்பைவிடப் பெரிதாகிவிடும். அப்புறம் ஊசியில் அதே கனத்து நூலைச் சுற்றிக்கொண்டு, விரலை அளவாக வைத்து, பழைய கண் அளவுக்கே ஒவ்வொரு கண்ணாக, வரிசை வரிசையாகப் பின்னிக்கொண்டே போய் எதிர்க்கரையில் சேர்க்கிறார்கள். நூல் கனமாகிவிட்டாலும் ஆகாது, அது பக்கத்து இழையை அறுக்கும். அவசரக்காரருக்கு அந்த வேலை வராது. பவுல் ‘சாந்தமுள்ள ஆவியோடே’ என்று சேர்த்திருப்பதை நான் இந்த இடத்தில் வைத்துப் புரிந்துகொள்கிறேன்.

வசனத்தின் இலக்கணமும் உதவுகிறது. கட்டளை நிகழ்கால வடிவத்தில் இருக்கிறது. ஒரே அடியில் முடித்துவிடு என்ற தொனி அதில் இல்லை, செய்துகொண்டிருங்கள் என்கிற தொனி. கட்டளை பன்மையில் வருகிறது, ‘நீங்கள்’. ஒரு மூப்பரோ ஒரு போதகரோ தனியாகச் செய்கிற காரியம் அல்ல. ஆனால் எச்சரிக்கை சட்டென்று ஒருமைக்கு மாறுகிறது, ‘நீயும்… உன்னைக்குறித்து.’ கிரேக்கத்தில் இருக்கிற இந்தத் திருப்பத்தைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அப்படியே கொண்டுவந்திருக்கிறது. சீர்செய்வது எல்லாருமாக, பயப்படுவது ஒவ்வொருவராக. கொஞ்சம் மேலே, 5:15இல், ‘ஒருவரையொருவர் கடித்துப் பட்சித்தீர்களானால்’ என்று பவுல் எழுதியிருப்பதைப் பார்த்தால், யாரிடம் இதைச் சொல்கிறார் என்பதும் தெரியும்.

கத்தோலிக்க உறவினர்களிடம் இருக்கிற பொது மொழிபெயர்ப்பில் இந்த இடத்தில் ‘திருத்துங்கள்’ என்று பார்ப்பீர்கள். அதைக் கண்டிப்பது என்று மட்டும் எடுத்துக்கொண்டால் குறையும். காடு திருத்துவது, நிலம் திருத்துவது என்கிறோமே, அந்தத் திருத்தலாக எடுத்துக்கொண்டால் கட்டார்ட்டிஸோவுக்கு மிகவும் நெருங்கிவிடும்.

இனி உங்கள் சபைக் காரியம். என் பதில், முடியவில்லை. அவர் மன்னிக்கப்பட்டிருக்கிறார், உள்ளே அனுமதிக்கப்பட்டிருக்கிறார், இரண்டும் நல்லது. ஆனால் இந்தச் சொல் கேட்பது அதற்கு மேலே ஒன்று. மூட்டை உள்ளே தள்ளிவிட்டு, கையை அசைக்கவே கூடாது என்று வாழ்நாள் முழுக்கத் தூளியில் போட்டுவைத்தால் எந்த வைத்தியரும் அதைக் குணமாக்கியதாகச் சொல்லமாட்டார். அவர் சபையில் ஏதோ ஒன்றைச் செய்கிறவராக ஆகவேண்டும். அதற்காகக் கணக்கு நோட்டையே மறுபடி அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, வசனமும் சொல்லவில்லை. ‘சோதிக்கப்படாதபடிக்கு’ என்ற எச்சரிக்கை அவருக்கும் சேர்த்துத்தான் பொருந்தும். பணத்தை இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடுகிற ஏற்பாட்டைச் சபை செய்துகொள்ளட்டும். அது அவருக்காக மட்டும் இல்லை, அடுத்து வருகிறவருக்காகவும். அவருக்கு வேறு வேலை கொடுங்கள், பெயருக்காக இல்லாமல் உண்மையில் தேவைப்படுகிற வேலையாக. கொரிந்து சபையில் தண்டிக்கப்பட்ட ஒருவனைப் பற்றிப் பவுல் 2 கொரிந்தியர் 2:7இல் எழுதும்போது, ‘அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு’ மன்னித்து ஆறுதல் செய்யச் சொல்கிறார். தண்டனை போதும் என்று அதற்கு முந்தின வசனத்திலேயே சொல்லிவிடுகிறார். உங்கள் கமிட்டியில் இந்த இரண்டு வசனத்தையும் கலாத்தியரோடு சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

ஊழியருக்கு வலைப் படம்தான் வேண்டுமென்றால், அதற்குக் கலாத்தியரைவிட நல்ல இடம் 1 கொரிந்தியர் 1:10. ‘பிரிவினைகள் உங்களுக்குள்ளே இல்லாமல் ஏகமனதும் ஏகயோசனையும் உள்ளவர்களாய்ச் சீர்பொருந்தியிருக்கவேண்டும்.’ ‘பிரிவினைகள்’ என்பதற்கு அங்கே இருக்கிற ‘ஸ்கிஸ்மா’ என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் கிழிசல். பழைய வஸ்திரத்தில் கோடித்துண்டை வைத்து இணைத்தால் ‘பீறலும் அதிகமாகும்’ என்று மத்தேயு 9:16இல் வருகிறதே, அந்தப் பீறல் இதுதான். யோவான் 21:11இல் 153 பெரிய மீன்கள் நிறைந்தும் வலை ‘கிழியவில்லை’ என்பது இதே அடியிலிருந்து வரும் வினை. கிழிசலும் சீர்செய்தலும் ஒரே வசனத்தில் எதிரும் புதிருமாக நிற்பது இங்கேதான். ஆனாலும் ஒரு ஊர் பிளவுபட்டுக் கிடப்பதைப் பற்றிப் பேசவும் கிரேக்கர்கள் இந்தச் சொற்களைப் பயன்படுத்தினார்கள் என்பதை மறக்கக்கூடாது. மிலேத்து கதையை அதற்காகத்தான் முதலிலேயே சொன்னேன்.

எபிரெயர் 10:5 பற்றி ஒரு வரி, இதைக் கேட்டு அடிக்கடி எழுதுகிறார்கள். அங்கே மேற்கோள் காட்டப்படுவது 40ஆம் சங்கீதம். நம் சங்கீதப் புத்தகத்தில் 40:6ஐப் பார்த்தால் ‘என் செவிகளைத் திறந்தீர்’ என்று இருக்கும், சரீரம் என்று இருக்காது. எபிரெய மூலம் செவியைச் சொல்கிறது, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு சரீரத்தைச் சொல்கிறது. நிருபத்தை எழுதியவர் கிரேக்க மொழிபெயர்ப்பைப் பின்பற்றினார். பிழை எதுவும் இல்லை.

பேதுரு விஷயம். மாற்கு 1:16இன்படி பேதுருவும் அந்திரேயாவும் வலையை வீசிக்கொண்டிருந்தார்கள். பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாக்கோபும் யோவானும், அவர்கள் தகப்பன் செபெதேயுவோடு. ஆகவே ‘பேதுரு செய்த வேலை’ என்று சொன்னது தவறு. பேதுருவின் பெயரில் இருக்கிற நிருபத்தில் இந்தச் சொல் வருகிறது என்பது உண்மை: 1 பேதுரு 5:10, ‘சீர்ப்படுத்தி, ஸ்திரப்படுத்தி, பலப்படுத்தி, நிலைநிறுத்துவாராக.’ பழைமையான கையெழுத்துப் பிரதிகளில் இது ‘சீர்ப்படுத்துவார்’ என்று வாக்குத்தத்தமாக இருக்கிறது. பிற்காலப் பிரதிகளில் ‘வாராக’ என்ற வேண்டுதல். நம் பழைய மொழிபெயர்ப்பு பிந்தினதைப் பின்பற்றியது.

கடைசியாக எபேசியர் 4:12, இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சபைகளுக்கு மிகவும் தேவையான இடம். இங்கே வருவது ‘கட்டார்ட்டிஸ்மொஸ்’ என்ற பெயர்ச்சொல், புதிய ஏற்பாட்டிலேயே இந்த ஒரு தடவைதான். ‘பரிசுத்தவான்கள் சீர்பொருந்தும்பொருட்டு, சுவிசேஷ ஊழியத்தின் வேலைக்காகவும், கிறிஸ்துவின் சரீரமாகிய சபையானது பக்திவிருத்தி அடைவதற்காகவும்’ என்று தமிழில் மூன்று நோக்கமாக வாசிக்கிறோம். மேய்ப்பரும் போதகரும் மூன்று வேலை செய்கிறார்கள், விசுவாசிகள் பெற்றுக்கொள்கிறார்கள் என்று தோன்றும். கிரேக்கத்தில் முதல் நோக்கத்துக்கு ‘ப்ரொஸ்’ என்ற இடைச்சொல்லும், அடுத்த இரண்டுக்கும் ‘எய்ஸ்’ என்ற வேறு இடைச்சொல்லும் இருக்கின்றன. மூன்றும் ஒரே தட்டில் இல்லை என்பதற்கு இது ஒரு காரணம். சொல்லின் பொருளும் அந்தப் பக்கமே சாய்கிறது: ஆயத்தமாக்குவது என்றாலே எதற்கு ஆயத்தம் என்ற கேள்வி வரும், அதற்குப் பதிலாக ‘ஊழியத்தின் வேலைக்காக’ பக்கத்திலேயே நிற்கிறது. மேய்ப்பர்கள் பரிசுத்தவான்களைத் தயார்செய்கிறார்கள், ஊழியத்தின் வேலையைப் பரிசுத்தவான்கள் செய்கிறார்கள், அதனால் சபை கட்டப்படுகிறது என்று வாசிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மூன்று நோக்கம் என்று வாசிக்கிற நல்ல அறிஞர்களும் இருக்கிறார்கள். இரண்டு விதமாகவும் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.